‘ஹார்டு டிஸ்க் போய்விட்டது’ என்று சொல்வதற்கு முன்: டிடிபி நிலையத்தாருக்கும் பழுதுநீக்குவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அச்சக உரிமையாளர்களுக்கும், டிடிபி நிலையங்களை நடத்துவோருக்கும், அவர்களுடைய கணினிகளைப் பழுதுபார்த்துத் தரும் தொழில்நுட்பர்களுக்கும்,



தன் வன்தட்டைக் காணவில்லை என்று ஒரு கணினி திரையில் அறிவிப்பதும், அந்த வன்தட்டு பழுதாகிவிட்டது என்பதும் இருவேறு செய்திகள். கடைகளில் ஹார்டு டிஸ்க் என்றே வழங்கும் இவ்வுறுப்பைப் பற்றி முதல் செய்தி வந்த உடனேயே இரண்டாவதை முடிவாகக் கொண்டு தட்டை மாற்றிவிடுவதும், அதைவிடக் கெடுதலாக, அதே தட்டை ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கணினியை ஓடவைத்துக் கொடுத்துவிடுவதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டன. கணினி ஓடத் தொடங்குவதால் வேலை முடிந்ததுபோலத் தோன்றினாலும், அதில் இருந்த பக்கங்களும் எழுத்துருக்களும் திரும்புவதில்லை. அந்த வழக்கத்தை மறுத்து, தட்டைக் குறைகூறுவதற்கு முன் எவற்றை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை எடுத்துரைக்கவே இம்மடல்.

தமிழ் அச்சுத்தொழிலில் இருபது ஆண்டுப் பழமையுள்ள கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது கஞ்சத்தனத்தால் மட்டும் அன்று. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அது ஒருங்குறியை அறியாதது. அதில் கோக்கப்பட்ட நூல்களும் மலர்களும் அழைப்பிதழ்களும் பாமினி, வானவில் போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களில் அமைந்தவை ஆதலால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரிசைகட்டி நிற்கும். பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் செருகியிருந்தால் மட்டுமே இயங்கும் மென்பொருள்களைப் புதிய கணினிக்கு மாற்றுவதும் எளிதன்று. ஆகவே அந்தக் கணினியின் விலை சில நூறு ரூபாயாக இருக்கலாம். அதன் தட்டில் உள்ளவற்றின் மதிப்பு அதுவன்று.

கணினிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் இயங்குவது விண்டோஸ் அன்று. மதர்போர்டில் ஒரு சில்லில் பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு நிரலே. அது நினைவகத்தையும் விசைப்பலகையையும் சோதித்துவிட்டு, கேபிள்களின் மறுமுனையில் எந்தெந்தத் தட்டுகள் உள்ளன என்று வினவி, அவை தரும் பெயரையும் கொள்ளளவையும் குறித்துக்கொண்டு, பூட் வரிசையில் முதலாவதாக உள்ள தட்டின் முதல் பகுதியை நினைவகத்துக்கு எடுத்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. 512 பைட் அளவுள்ள அம்முதற்பகுதிதான் எம்பிஆர் எனப்படுவது: அதில் 446 பைட் நிரலும், நான்கு பிரிவுகளின் விவரம் அடங்கிய 64 பைட் அட்டவணையும், இது பூட் செய்யத்தக்க தட்டு என்பதற்கான இரண்டு பைட் முத்திரையும் உள்ளன. இத்தொடரில் எந்த இடத்தில் அறுந்தாலும் பயனருக்குத் தெரிவது கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டுமே.

ஆதலால் முதற்கேள்வி, பயாஸ் அந்தத் தட்டைக் காண்கிறதா என்பதே. கணினியை இயக்கியதும் டெலீட் விசையையோ எஃப்2 விசையையோ அழுத்தி அமைப்புத் திரைக்குள் சென்றால், தட்டின் மாதிரி எண்ணும் கொள்ளளவும் அங்கே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கோளாறு மின்சாரம், கேபிள், ஜம்பர், மதர்போர்டு, தட்டின் சொந்த மின்சுற்று ஆகியவற்றுள் ஒன்றில் இருக்கிறது. விண்டோஸ் குறுவட்டைக் கையில் எடுப்பதற்கே அங்கு வேலையில்லை. சரியாகத் தெரிகிறது என்றால் வன்பொருள் பெரும்பாலும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. பூட் வரிசை, எம்பிஆர், விண்டோஸின் கோப்புகள் என்ற பக்கம் தேட வேண்டும். இந்த ஒரே சோதனையால் வழிகளில் பாதி அடைபட்டுவிடும் என்றாலும், இதைச் செய்யாமலே திருப்புளியைத் தேடுவோர்தாம் மிகுதி.

‘நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்’ என்ற வரி வந்தால், வாடிக்கையாளர் கொண்டுவந்த பென்டிரைவோ, மறந்துபோன ஃபிளாப்பியோ, குறுவட்டோ உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது போதும். இதற்குமேல் இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மிகுதியாகச் சொல்ல வேண்டியது மதர்போர்டின் மீதுள்ள சிறு பேட்டரியைப் பற்றியே. 1984-இல் ஐபிஎம் வெளியிட்ட ஏடி வகைக் கணினியில் கடிகாரத்துக்கென ஒரு சில்லும், அதனுள்ளேயே 64 பைட் நினைவகமும் வைக்கப்பட்டு, கணினி அணைந்திருக்கும்போதும் அது அழியாதிருக்கப் பேட்டரி ஒன்று இணைக்கப்பட்டது. தட்டின் வகை உள்ளிட்ட அமைப்புகள் அதில்தான் எழுதிவைக்கப்பட்டன. சீமாஸ் என்று வழங்கும் அந்த ஏற்பாட்டின் வழிவந்ததே இன்றைய கணினிகளிலுள்ள சிஆர்2032 என்னும் 3 வோல்ட் நாணய வடிவப் பேட்டரி. சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். தீர்ந்ததும் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடும், ‘சீமாஸ் செக்சம் எரர்’ என்ற அறிவிப்பு வரும், பயாஸ் தன் உற்பத்திக்கால அமைப்புகளுக்குத் திரும்பிவிடும். கணினி காட்டும் ஆண்டு தவறாக இருக்கிறதா என்று பார்ப்பதே இதற்குரிய எளிய சோதனை. பேட்டரியின் விலையோ ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் குறைவு.

உற்பத்திக்கால அமைப்புகளுக்குத் திரும்புவதில் என்ன கேடு என்று கேட்கலாம். சேட்டா தட்டுகளுடன் விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றப்பட்ட காலத்தில், அந்த எக்ஸ்பி குறுவட்டில் ஏஹெச்சிஐ என்னும் புதிய இணைப்பு முறைக்கான இயக்கி இல்லாமையால், பயாஸில் சேட்டா முறையை ஐடிஇ என மாற்றி வைத்துவிட்டே பலரும் நிறுவினர். பேட்டரி தீர்ந்ததும் அந்த மாற்றம் மறைந்து, அமைப்பு ஏஹெச்சிஐ-க்குத் திரும்பினால், விண்டோஸ் ஏறத் தொடங்கிய சில நொடிகளில் 7பி என்று முடியும் பிழை எண்ணுடன் நீலத்திரை தோன்றும். பூட் தட்டை அணுக முடியவில்லை என்பதே அதன் பொருள். தட்டில் ஒரு பைட்கூடக் கெடவில்லை. அமைப்புத் திரையில் ஒரு சொல்லை மட்டும் பழையபடி மாற்றினால் கணினி எழுந்துவிடும். விண்டோஸ் 7-ஐ ஐடிஇ முறையில் நிறுவியிருந்தாலும் இதே கதைதான். இந்த நீலத்திரையைக் கண்டு ஃபார்மேட் செய்யப்பட்ட தட்டுகளைக் குறித்து வருந்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு தட்டுகள் உள்ள கணினியில் வேறொன்றும் நிகழும். எந்த வன்தட்டு முதலில் என்பதற்குப் பல பயாஸ்கள் பூட் வரிசைக்குப் புறம்பாக ஒரு தனிப்பட்டியலை வைத்திருக்கின்றன. பேட்டரி தீர்ந்ததும் அது தலைகீழாகிப் பழைய கோப்புகள் மட்டும் உள்ள இரண்டாம் தட்டு முன்னால் வந்து நின்றுவிட்டால், அதில் இயங்குதளம் இல்லை என்ற உண்மையைத்தான் கணினி சொல்கிறது. 1990-களின் கணினிகளிலோ நிலைமை இன்னும் நுட்பமானது. அக்காலத்துப் பயாஸ் தட்டின் பரப்பை சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால் கணக்கிட்டது. நார்மல், லார்ஜ், எல்பிஏ என்ற மூன்று முறைகளுள் எதில் பிரிவுகள் உருவாக்கப்பட்டனவோ அதே முறையில்தான் பின்னரும் படிக்க வேண்டும். முறை மாறினால் தட்டு தெரியும், ஆனால் உள்ளடக்கம் குழம்பித் தோன்றும். அந்நிலையில் ஸ்கேன்டிஸ்க் போன்ற திருத்தும் நிரலை ஓடவிட்டால், சரியாக இருந்ததை அது தவறான கணக்கின்படி திருத்தி உண்மையாகவே அழித்துவிடும்.

அடுத்து மின்சாரம். பழைய தட்டு ஒன்று காலையில் முதன்முறை இயக்கும்போது காணப்படாமல், கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் விசைகளைச் சேர்த்து அழுத்தி மறுபடி தொடங்கினால் மட்டும் காணப்படுமானால், அது மிகவும் பயனுள்ள அறிகுறி. தட்டின் மோட்டார் முழு வேகம் எட்டுவதற்கு முன்பே பயாஸ் வினவிவிட்டு நகர்ந்துவிடுகிறது என்று அதற்குப் பொருள். பயாஸில் குயிக் பூட் என்னும் விரைவுத் தொடக்கத்தை நிறுத்தினாலும், தாமத நொடிகளைக் கூட்டும் வசதி இருந்து அதைப் பயன்படுத்தினாலும் அப்போதைக்குச் சரியாகும். ஆயினும் முன்பு எழுந்த நேரத்தில் தட்டு இப்போது ஏன் எழவில்லை என்ற கேள்வி எஞ்சுகிறது. தட்டு முதுமையடைந்திருக்கலாம், அல்லது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி தளர்ந்திருக்கலாம். மூன்றரை அங்குலத் தட்டு சுழலத் தொடங்கும் தருணத்தில் 12 வோல்ட் கம்பியிலிருந்து ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை இழுக்கும். மின்தேக்கிகள் உப்பிப்போன எஸ்.எம்.பி.எஸ். அப்போதுதான் தள்ளாடும். மஞ்சள் கம்பியில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், சிவப்புக் கம்பியில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் வோல்ட் இருக்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் தரம். மல்டிமீட்டர் இல்லாத பழுதுநீக்கும் கடை இல்லை. அதைத் தட்டு சுழலத் தொடங்கும் அந்த வினாடியில் வைத்துப் பார்ப்போர்தாம் குறைவு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரான மதர்போர்டுகள் பலவற்றில் தரக்குறைவான மின்தேக்கிகள் பொருத்தப்பட்டுப் பின்னர் உப்பிக் கசிந்தமை உலகறிந்தது. கேபினட்டைத் திறந்ததும் அவற்றின் தலைகள் தட்டையாக இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்ப்பதற்குக் கருவியும் தேவையில்லை.

கேபிளுக்கு வந்தால், அகன்ற நாடாபோன்ற ஐடிஇ கேபிளில் தவறு செய்வதற்கு இடம் மிகுதி. அதன் பிற்கால வடிவமான 80 கம்பிக் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கும், கறுப்பு முனை மாஸ்டர் தட்டுக்கும், நடுவிலுள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கும் உரியவை. ஒரே கேபிளில் இரண்டு கருவிகள் தொங்கும்போது முதலாவது எது, இரண்டாவது எது என்று அடையாளப்படுத்துவதே மாஸ்டர், ஸ்லேவ் என்னும் ஏற்பாடு. தட்டின் பின்புறமுள்ள ஊசிகளில் செருகும் ஜம்பர் என்னும் சிறு துண்டால் அது அமைக்கப்படுகிறது. இரண்டும் மாஸ்டர் என்று அமைந்துவிட்டால் இரண்டுமே காணாமற்போவதுண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய தட்டுகளில் தனித்திருக்கும் தட்டுக்கு ஓர் அமைப்பும், ஸ்லேவ் ஒன்றுடன் சேர்ந்திருக்கும் மாஸ்டருக்கு வேறோர் அமைப்பும் உண்டு. ஆகவே பழுதான சிடி டிரைவைக் கழற்றிய மறுநாளே தட்டும் காணாமற்போனால், குற்றம் தட்டின்மேல் அன்று, மாற்றாமல் விடப்பட்ட ஜம்பர்மேல்தான். தட்டின் மேலொட்டிய தாளிலேயே இப்படங்கள் அச்சிடப்பட்டிருக்க, அதைத் தூசு துடைத்துப் படிக்காமல் ஊகத்தில் செருகுவது ஏன் என்பது விளங்கவில்லை.

சேட்டாவில் ஜம்பர் தொல்லை குறைவு. ஆனால் அதன் மெல்லிய ஏழு முனைச் செருகி எளிதில் தளரும். வேறு கேபிள், வேறு போர்ட் என்று மாற்றிப் பார்ப்பது இங்கு வெறும் சடங்கன்று என்பதற்குச் சான்று உண்டு. இன்டெல் நிறுவனம் 2011 ஜனவரி 31 அன்று, தன் 6-ஆம் வரிசைச் சிப்செட்டில் 3 ஜிகாபிட் வேகச் சேட்டா போர்ட்கள் நாளடைவில் நலிந்துபோகக் கூடும் என்று தானே அறிவித்து, திருத்திய பதிப்பை வெளியிட்டது. அதே மதர்போர்டில் 0, 1 என்று எண்ணிட்ட 6 ஜிகாபிட் போர்ட்கள் இரண்டுக்கும் அக்குறை இல்லை. திருத்தத்துக்கு முந்தைய மதர்போர்டு ஏதேனும் இன்னும் உழைத்துக்கொண்டிருந்தால், கேபிளை அவ்விரண்டுள் ஒன்றுக்கு மாற்றுவதே முழு மருத்துவமாகிவிடும். தட்டு விட்டுவிட்டுத் தெரிந்தால், அது தன்னுள்ளேயே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்னும் உடல்நலக் குறிப்பைப் படிக்கலாம்: அதில் 199-ஆம் வரியின் எண் ஏறிக்கொண்டே போனால் ஐயுற வேண்டியது கேபிளை, 5-ஆம் வரியும் 197-ஆம் வரியும் ஏறினால் தட்டின் பரப்பே தேய்கிறது.

இத்தனைக்கும் பிறகும் பயாஸ் தட்டைக் காணவில்லை என்றால், அதன் ஒலியைக் கேட்க வேண்டும். சீரான இடைவெளியில் டக், டக் என்ற ஓசை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு மறுமுயற்சியும் உள்ளிருக்கும் காந்தப்பூச்சைச் சுரண்டக் கூடும். ஓசையின்றி நன்றாகச் சுழன்றும் அடையாளம் சொல்லாத தட்டு வேறு வகை. சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 வரிசைத் தட்டுகளுட் சில, உள்நிரலில் இருந்த பிழையால், மின்சாரம் ஏறும் தருணத்திலேயே உறைந்து பயாஸுக்குத் தெரியாமற்போயின. 2009-இன் தொடக்கத்தில் திருத்திய உள்நிரல் வெளியிடப்பட்டது. அத்தட்டுகளின் பரப்பில் தரவுகள் பழுதின்றியே இருந்தன. கதவைத் திறக்க ஆள் வரவில்லை என்பதற்காக வீடே இடிந்துவிட்டது என்று எழுதிவைக்க முடியாது.

பயாஸுக்குத் தட்டு தெரிந்தும் இயங்குதளம் இல்லை என்று வரும் நிலையில், எக்ஸ்பி மீட்புத்திரையின் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளையும், விஸ்டாவுக்குப் பின் வந்தவற்றின் பூட்ரெக் கட்டளையும் பலருக்குக் கைவந்தவை. அவை எம்பிஆரின் நிரலைப் புதிதாக எழுதுபவை ஆதலால், எழுதுவதற்கு முன் அந்த முதல் 512 பைட்டைப் படியெடுத்து வைப்பது நல்லது. முன்காலக் கணினிகளில் இது உயிர்நாடி: 528 மெகாபைட், 8.4 ஜிகாபைட் என்ற பயாஸ் எல்லைகளைத் தாண்டிய தட்டுகளைப் பொருத்துவதற்காக ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற நிரல்கள் எம்பிஆரிலேயே குடியேறி, பயாஸுக்கும் விண்டோஸுக்கும் இடையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தன. அந்நிரலை அறியாமல் மேலெழுதினால் அதனை நம்பியிருந்த பிரிவுகள் எட்டாமற்போகும்.

இவ்வளவுக்கும் மேலான ஒரு விதி உண்டு: படியெடுத்து முடியும்வரை அத்தட்டில் எதையும் எழுதலாகாது. தட்டைக் கழற்றி யுஎஸ்பி மாற்றி வழியாக வேறு விண்டோஸ் கணினியில் செருகினால், ஃபார்மேட் செய்ய வேண்டுமா என்று அது கேட்கக் கூடும். இனிஷியலைஸ் செய்யவா என்றும் கேட்கும். இரண்டுக்கும் விடை வேண்டாம் என்பதே. பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற நிரலால் முழுத் தட்டையும் வேறொரு தட்டுக்கு அப்படியே நகலெடுப்பது இதைவிடப் பாதுகாப்பானது. அந்நிரல் நன்றாகப் படிக்கக் கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, தேய்ந்த இடங்களுக்குப் பின்னரே திரும்பும். எங்கு நிறுத்தியது என்பதை ஒரு கோப்பில் குறித்துவைப்பதால் இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பேக்கப் என்ற பெயரில் டெஸ்க்டாப்பையும் மை டாக்குமென்ட்ஸையும் டி டிரைவையும் மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் டிடிபி கணினிக்குப் பொருந்தாது; எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருக்கின்றன. பக்கங்களைக் காப்பாற்றிவிட்டு எழுத்துருக்களை அழித்தால், வாடிக்கையாளரின் முந்நூறு பக்க நூல் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகவே திரும்பும்.

தட்டை மாற்றியே தீர வேண்டும் என்ற நிலையிலும் புதிய தட்டு காணப்படாமற்போவதுண்டு. 28 இருமங்களால் இடத்தைக் குறிக்கும் பழைய பயாஸ் 137 ஜிகாபைட்டுக்கு மேல் காணாது. எம்பிஆர் அட்டவணையோ 2.2 டெராபைட்டோடு நின்றுவிடும். வயா விடி8237 சிப்செட் உள்ள மதர்போர்டுகள் 3 ஜிகாபிட் தட்டுகளுடன் வேகத்தைப் பேசி முடிக்கத் தெரியாதவை. தட்டின் வேகத்தை 1.5 ஜிகாபிட்டாகக் குறைக்கும் ஜம்பர் இருந்தால் அதைப் போட்டால் போதும். இன்னும் அண்மைக்காலத் தட்டுகள் சிலவற்றில், மின்செருகியின் மூன்றாம் முனையில் 3.3 வோல்ட் வந்தால் தட்டு உறங்கிவிடும் ஏற்பாடு உள்ளது, பழைய எஸ்.எம்.பி.எஸ். அம்முனையில் எப்போதும் 3.3 வோல்ட் தருவதால் தட்டு சுழலவே சுழலாது. அந்த வோல்ட் இல்லாத நான்கு முனைப் பழைய செருகியிலிருந்து மாற்றி வழியாக மின்சாரம் கொடுத்தால் அது விழித்துக்கொள்ளும். புதிய தட்டை ‘டெட்’ என்று கடைக்குத் திருப்புவதற்கு முன் இதையும் பார்த்துவிடலாம்.

தொழில்நுட்பர்களிடம் இம்மடல் வேண்டுவன இரண்டு: உரிமையாளரின் எழுத்துமூலமான இசைவு இல்லாமல் எந்தத் தட்டையும் ஃபார்மேட் செய்யாதிருப்பதும், மாற்றிய பழைய தட்டைக் கடையில் வைத்துக்கொள்ளாமல் அவரிடமே திருப்பிக் கொடுப்பதும். இச்சோதனைகளுக்கு ஒரு மணிநேரமோ இரண்டு மணிநேரமோ ஆகும் என்பதும், அந்நேரத்துக்குக் கூலி கேட்பது முறையே என்பதும் உண்மை. கோளாறு எங்கே என்று கண்டறிந்து சொல்வதற்குக் காசு கொடுக்க மறுத்து, ஃபார்மேட் செய்வதற்கு மட்டும் கொடுக்கும் வாடிக்கையாளர்களும் இவ்வழக்கம் வளர்ந்ததற்குப் பொறுப்பாளிகளே. நிலையம் நடத்துவோர், கணினி இன்று ஒழுங்காக எழுந்திருக்குமானால், இன்றைக்கே பயாஸ் அமைப்புத் திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, அச்சிட்டுக் கேபினட்டின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்து, சிஆர்2032 ஒன்றை வாங்கிப் பழையதற்குப் பதிலாகப் போட்டுவிட்டு, ஃபான்ட்ஸ் கோப்புறையை இரண்டு இடங்களில் நகலெடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.